ஆஸ்பத்திரி வாசலில் இந்தக் கணக்கையும் எழுதி வையுங்கள்

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி தேடும் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது பேக்கேஜ் எவ்வளவு என்றுதான். சுகப்பிரசவம் என்றால் இவ்வளவு, சிசேரியன் என்றால் இவ்வளவு, ஏ.சி. ரூம் வேண்டுமென்றால் மேலே இவ்வளவு. பதில் உடனே வந்துவிடும். இங்கே நூறு பிரசவத்தில் எத்தனை சிசேரியன் என்று கேட்டுப் பாருங்கள். என் சித்தி மகளுக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டேன். "அதெல்லாம் டாக்டர்தான் முடிவு பண்ணுவாங்க மேடம்" என்றார் கவுன்டரில் இருந்த பெண். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கணக்கை அவரிடம் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மாநில அளவில் கணக்கு இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. தாயின் வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று காரணம் சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் சிக்கலான கேஸ்களைக் கடைசி நேரத்தில் ஜி.எச்.சுக்கு அனுப்புவதையும்தான் பார்க்கிறோம். அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம் என்றால், அதற்கு உடம்பு மட்டும் காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. அரசு மருத்துவமனைகளின் 36-ம் பெருமைப்படும்படி இல்லை. நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளின் அளவு 14.3தான். தேவைப்படும்போது சிசேரியன் உயிரைக் காப்பாற்றும். தேவையில்லாமல் செய்தால் செலவோடு போகாது, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் அபாயம் வரை கூடவே வரும்.

இந்தக் கணக்கைக் கேட்காமல் விலையை வைத்தே தரத்தை எடைபோடுகிறோம். விலை குறைந்தால் தரமும் குறையும் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை எப்போதோ பொய்யாக்கிவிட்டது. 1976-இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. ஒரு டாக்டருக்கு இரண்டு டேபிள். ஒன்றில் கண்புரை ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து டேபிளில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். டாக்டரின் நேரம் வீணாவதில்லை, செலவும் குறைகிறது. 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸையும் தாங்களே செய்தார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, அவர்கள் கணக்கு எடுப்பது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்து செலுத்தினால் கிருமித்தொற்று குறைகிறதா என்று சுமார் 6 லட்சம் ஆபரேஷன்களை அலசி, 2017-இல் வெளியிட்டார்கள். மருந்து இல்லாதபோது 0.07 சதவீதம், கொடுத்தபோது 0.02. ஏற்கனவே சின்ன எண்தான். இருந்தும் எண்ணிப் பார்த்து வெளியே சொன்னார்கள்.

மற்றவர்களும் சொல்லட்டும் என்கிறேன். "எங்களிடம் சிக்கலான கேஸ்கள்தான் அதிகம் வரும், எங்களைச் சின்ன நர்சிங் ஹோமோடு ஒப்பிடக் கூடாது" என்று பெரிய மருத்துவமனைகள் சொல்லும். சரி, நியாயமான பேச்சு. அதற்குத்தான் ராப்சன் வகைப்பாடு இருக்கிறது. பிரசவங்களைப் பத்துப் பிரிவாகப் பிரித்து, ஒத்த கேஸ்களை மட்டும் ஒப்பிடும் முறை. 2015-இலேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதன் முதல் பிரிவை எடுங்கள்: முதல் பிரசவம், ஒரே குழந்தை, தலை கீழ்நோக்கி, 37 வாரம் நிறைந்தது, வலி தானாக வந்தது. இந்தப் பெண்களில் எத்தனை பேருக்குச் சிசேரியன் ஆனது என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் பேக்கேஜ் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும், அரசு ஆஸ்பத்திரியும் சேர்த்து. பதிவேட்டில் இருக்கும் விவரங்களே போதும். சுகாதாரத் துறை ஓர் உத்தரவு போட்டால் நடக்கும்.