பிரான்சில் குற்றம் சாட்டப்பட்டவர்தான் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டுமா?

"இங்கிலாந்தில் நிரூபிக்கும்வரை நிரபராதி, பிரான்சில் நிரூபிக்கும்வரை குற்றவாளி" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பிரான்சின் 1789ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 9ஆவது பிரிவே, குற்றவாளி என அறிவிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்கிறது. இங்கிலாந்தில், நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கே என்று, அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபை அழுத்தமாகத் தீர்ப்பளித்தது 1935இல்தான்!

சரி, குழப்பம் எங்கிருந்து வந்தது? பிரான்சில் கொலை போன்ற பெரிய வழக்குகளில் ஒரு விசாரணை நீதிபதியே நேரடியாகத் துப்புத் துலக்குவார். நீதிபதியே குடைந்து குடைந்து கேள்வி கேட்டால், பார்ப்பவருக்கு முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரங்களையும் அவர் திரட்டியாக வேண்டும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதுமட்டுமல்ல, அதே வழக்கில் தீர்ப்பு சொல்லும் இருக்கையில் அவர் உட்கார முடியாது. அங்கேயும் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே.