மழையை விடப் பனியைக் கவனியுங்கள்

உங்கள் வானிலை அறிக்கையில், அடுத்த ஐந்து நாள் காவிரி டெல்டாவில் வறண்ட வானிலை, அதிகாலை பனிமூட்டம், கடலோரத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை என்று போட்டிருக்கிறீர்கள். மழை என்றதும் பலர் பதறுவார்கள். 'ஓரிரு இடங்களில்' என்றால் மொத்த மழைமானிகளில் கால்பங்குக்கு மேல் பதிவாகாது என்று அர்த்தம். லேசான மழை என்பது 2.5 முதல் 15.5 மி.மீ. வரைதான்.

கவனிக்க வேண்டியது பனி. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பது சும்மா இல்லை. கதிர் வெளிவரும் பின்சம்பா (தாமதமாக நட்ட சம்பா), தாளடி (குறுவைக்குப் பின் நடும் இரண்டாம் போக நெல்) வயலில் இலை பத்து மணி நேரம் நனைந்தே இருந்தால் குலைநோய் என்ற பூஞ்சை நோய் கதிரின் கழுத்தில் இறங்கும். கணு கறுத்து கதிர் வெண்பதராகிவிட்டால் மருந்தடித்துப் பயனில்லை. யூரியாவைக் கூட்டிப் போட்ட வயலில்தான் முதலில் வரும். கதிர் எட்டிப் பார்க்கும்போதே ட்ரைசைக்ளசோல் 75 சதத் தூள் என்ற பூஞ்சைக்கொல்லி, ஏக்கருக்கு 200 கிராம், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, பனி காய்ந்த பிறகு தெளிக்கலாம்.

அறுவடை மெஷினைக் காலை பத்தரைக்கு முன் இறக்காதீர்கள். ஈர வைக்கோல் சல்லடையை அடைத்து நெல்லையும் பின்னால் தள்ளிவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதம். களத்துக் குவியலைப் பொழுது சாயுமுன் தார்ப்பாயால் மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். விட்டால் உள்பக்கம் வியர்த்து மேல்நெல் மறுபடி நனையும்.

நெல் அறுவடைக்கு முன் வயலில் உளுந்து விதை தெளிப்பவர்களுக்கு இந்த வறண்ட வானிலை நல்லதுதான், வயல் மெழுகுப் பதத்தில், அதாவது தண்ணீர் தேங்காமல் மண் ஈரமாக, இருக்கும்வரை.