பக்கத்து வயலைப் பார்த்து அடித்த மருந்து

எங்கள் ஊரில் ஒரு வயலில் ஸ்பிரேயர் சத்தம் கேட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் அந்த வாய்க்கால் ஓரம் முழுக்க மருந்து வாடை அடிக்கும். பூச்சி இருக்கிறதா என்று ஒருத்தரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். "அவரு அடிச்சிட்டாரு, நாம அடிக்கலைன்னா அங்க உள்ளதெல்லாம் இங்கதான வரும்?" மொத்த யோசனையும் அவ்வளவுதான்.

நானும் அப்படி அடித்தவன்தான். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். சில வருஷங்களுக்கு முன்னால் சம்பா நட்டு இருபத்தைந்து நாள் இருக்கும். அங்கங்கே இலை சுருண்டு வெள்ளைக் கோடு தெரிந்தது. பக்கத்து வயல்காரர் காலையில் அடித்தார், நான் மதியமே மருந்துக் கடையில் நின்றேன். கடைக்காரத் தம்பி ஒரு பாட்டிலை எடுத்து வைத்தான். அப்புறம் இன்னொன்று. "எதுக்கும் இதையும் சேத்து அடிச்சிருங்கண்ணே." அந்த 'எதுக்கும்' என்கிற வார்த்தைக்கு நான் இதுவரை கொடுத்திருக்கும் பணத்தில் ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம்.

மார்கழியில் புகையான் வந்தது, அடித்தண்டில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி. வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்தது, மேலே நின்று பார்த்தால் யாரோ நெருப்பு வைத்த மாதிரி. வேளாண்மைத் துறையிலிருந்து வந்தவர் வரப்பில் நிற்காமல் நேராக வயலுக்குள் இறங்கினார். ஒரு குத்து நெற்பயிரை வளைத்து அடித்தண்டில் தட்டினார். தண்ணீரில் பொலபொலவென்று பழுப்பு நிறத்தில் உதிர்ந்தது. "சிலந்தி எங்கங்க?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. பனி விழும் காலையில் பயிர் நுனிகளுக்கு நடுவே நூல் நூலாக மின்னுமே, அந்த வருஷம் எங்கள் வயலில் அது ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புகையானைத் தின்கிற ஆளை இருபத்தைந்தாம் நாளே நான் கொன்றுவிட்டேன்.

அவர் சொன்ன கணக்கு இன்னும் மனசில் இருக்கிறது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு, பயிர் தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்கு 10 இலை சேதமாகும்வரை மருந்தைத் தொட வேண்டாம். அந்த வயசில் பயிர் தானே புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். புகையானுக்குத் தூருக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, 1 பூச்சி வந்த பிறகுதான் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். எண்ணிப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். அன்றைக்கு எனக்கு என்ன தலை போகிற வேலை? ஒன்றுமில்லை. கடையிலிருந்து வந்து டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அவசரம் பக்கத்து வயலிலிருந்து எனக்குத் தொற்றியது.

இதைப் படித்துவிட்டு "அதான் எதையும் நிதானமா செய்யணும்" என்று கமெண்ட் போடப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நிதானம் என்ற பெயரில் நாங்கள் கெடுத்துக்கொண்டதும் உண்டு.

2023 பிப்ரவரி, சம்பா அறுப்பு. மேலத்தெரு அண்ணன் ஒருத்தர் மெஷினிலிருந்து இறக்கிய நெல்லை ஈரத்தோடு, களத்திலேயே, வியாபாரியிடம் அரை மணி நேரத்தில் தள்ளிவிட்டார். சர்க்கார் விலையை விடக் குறைச்சல்தான். ஊரே சிரித்தது. "காயட்டும்டா, ஈரம் பதினேழு சதவீதத்துக்கு வந்தாத்தான் டிபிசில, சர்க்கார் கொள்முதல் நிலையத்துல, எடுப்பான். நாம யோசிச்சு செய்வோம்" என்றார் அப்பா. பாதி நெல் களத்தில், பாதி இன்னும் வயலில். மழை பிடித்துக்கொண்டது. நின்ற கதிர் படுத்தது, களத்து நெல் தார்ப்பாய்க்கு அடியில் முளைவிட்டது. பிற்பாடு ஈரப்பதத்தை 20 சதவீதம் வரை தளர்த்தினார்கள். எங்களுக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

மேலத்தெரு அண்ணனிடம் பிறகு கேட்டேன். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்த கணக்கைக் காட்டினார். காயவைக்கிற கூலி, கொள்முதல் நிலையத்தில் வரிசையில் கிடக்கிற நாள், மழை வந்தால் நஷ்டம். "மூட்டைக்கு இவ்ளோ குறைஞ்சாலும் குடுத்துடறதுன்னு பொங்கலுக்கே முடிவு பண்ணிட்டேன் தம்பி. அன்னிக்கி வானத்த மட்டுந்தான் பாத்தேன்."

அவர் அரை மணி நேரத்தில் செய்ததற்குப் பின்னால் மூன்று வாரம் இருந்தது. நாங்கள் நான்கு நாள் யோசித்தோம் என்று சொல்லிக்கொண்டோமே, அதில் யோசனையே கிடையாது. சும்மா காத்திருந்தோம்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் "யோசிச்சு சொல்றோம்" என்றால் பல சமயம் 'வேண்டாம்' என்றுதான் அர்த்தம். முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு. திருச்சியில் ஒரு படிப்பில் சேரணும் என்று சொந்தத்தில் ஒரு பெண் கேட்டாள். அட்மிஷன் முடிகிறவரை யோசித்தார்கள்.

எவ்வளவு யோசித்தாலும் தவறிப்போவதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே 2023-இல் ஜூன் 12, சொன்ன தேதிக்கு மேட்டூர் திறந்தது. கணக்குப் போட்டவர், போடாதவர் எல்லாரும் குறுவைக்கு இறங்கினோம். கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. அக்டோபர் 10-ஆம் தேதி அணையை மூடினார்கள். பம்புசெட் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

வீட்டு விஷயத்தில் என் அம்மா மாதிரி ஆளை நான் பார்த்ததில்லை. பணத்தை அரிசிப் பானைக்குள், அடியில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருக்கும். தெருவில் புடவைக்காரர் வந்தால், உள்ளே போய், பானையை இறக்கி, முழங்கை வரை அரிசிக்குள் விட்டுத் துழாவி எடுக்கணும். பாதி நாள் கையில் ஒட்டிய தவிட்டைத் தட்டிக்கொண்டு வெறுங்கையோடுதான் வெளியே வரும். "இருக்கட்டும், தீபாவளிக்குப் பாத்துக்கலாம்." நான் ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்துக்கொண்டே ஜிபேயில் ஒரு ஏர்கூலர் வாங்கினேன். இப்போது அதன்மேல் துவைத்த துணி கிடக்கிறது.

இதையெல்லாம் எழுதக் காரணம், போன வாரம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் சித்தப்பாவுக்கு நான் போட்ட ஒரு வாய்ஸ் மெசேஜ். பொது வரப்பை அவர் ஒரு சாண் வெட்டிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. நாற்பது விநாடி பேசினேன். அழிப்பதற்குள் கேட்டுவிட்டார். மறுநாள் நூல் பிடித்துப் பார்த்தால் வரப்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, மழையில் ஒரு பக்கம் கரைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாளைக்குக் காலையில் அவர் வீட்டுக்குப் போகிறேன். சித்திக்கு வெற்றிலை வாங்கி வைத்திருக்கிறேன். என்ன பேசுவதென்று இன்னும் முடிவாகவில்லை.