எத்தனை விழுந்தது?

போர்ச் செய்தி வந்தாலே நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை விமானம் விழுந்துச்சு?" ஸ்கோர் கேட்பது மாதிரி. விமான எதிர்ப்புப் படையை இந்தக் கேள்வியால் அளக்கவே கூடாது என்பது என் கட்சி. மால்டாவின் போர்க்காலக் கதையைப் படிக்கப் படிக்க இந்த எண்ணம் உறுதியாகிவிட்டது.

மால்டா சிசிலிக்குத் தெற்கே இருக்கும் துளித் தீவு. நடுவில் 90 கிலோமீட்டர் கடல்தான். 1940 ஜூன் 11 அன்று இத்தாலிய விமானங்கள் முதல் குண்டைப் போட்டபோது, அங்கிருந்த பிரிட்டிஷ் படையிடம் கனரக விமான எதிர்ப்புப் பீரங்கிகள் 34, போஃபர்ஸ் என்ற இலகு ரகப் பீரங்கிகள் 8. பிறகு பீரங்கிகள் நூற்றைத் தாண்டின. 7, 10 என இரண்டு விமான எதிர்ப்பு பிரிகேட்கள் அவற்றை நடத்தின. இங்கிலாந்திலிருந்து போனவர்களோடு, ராயல் மால்டா ஆர்ட்டிலரியில் சேர்ந்த உள்ளூர் பையன்களும் அந்தப் பீரங்கிக் குழிகளில் நின்றார்கள்.

ஆனால் மால்டா என்றதும் எல்லாரும் சொல்வது ஃபெய்த், ஹோப், சாரிட்டி என்ற மூன்றே மூன்று கிளாடியேட்டர் போர் விமானங்கள் தீவைக் காத்த கதையைத்தான். உண்மையில் விமானங்கள் மூன்றுக்கும் மேல் இருந்தன. ஒன்றின் உடல் இன்றும் செயின்ட் எல்மோ கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விமானிக்கு முகம் உண்டு, பெயர் உண்டு. பீரங்கிக்கு ஷெல், அதாவது வெடிகுண்டு, தூக்கிக் கொடுத்தவனை யார் படம் எடுத்தார்கள்?

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 3.7 அங்குலப் பீரங்கியின் ஷெல் 12 கிலோவுக்கு மேல். அது மேலே போய்ச் சேரப் பல விநாடிகள் ஆகும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் பத்து விநாடியில் எண்ணூறு மீட்டர் தாண்டிவிடும். அதனால் விமானம் இருக்கும் இடத்தைக் குறிவைத்துப் பிரயோஜனமில்லை, இருக்கப் போகும் இடத்தைக் கணித்து, அங்கே வெடிக்கும்படி ஷெல்லின் ஃபியூஸில் நேரத்தை வைக்க வேண்டும். விமானி நடுவில் லேசாகத் திரும்பிவிட்டால் கணக்கு போச்சு.

துறைமுகத்துக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். விமானத்தை விட்டுவிட்டு, குண்டு போட அது எந்த வானத்துண்டின் வழியே வந்தாக வேண்டுமோ அதையே ஷெல்லால் நிரப்புவது. 1941 ஜனவரியில் அடிபட்ட விமானந்தாங்கிக் கப்பல் இல்லஸ்ட்ரியஸ் கிராண்ட் ஹார்பருக்குள் வந்து ஒதுங்கியது. அதை முடித்துவிட ஸ்டூகா என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் 16ஆம் தேதி பாய்ந்தன. அந்த நெருப்புப் பெட்டிக்குள் நுழைந்துதான் குண்டு போட வேண்டியிருந்தது. கப்பல் மறுபடி அடிபட்டாலும் மூழ்கவில்லை. 23ஆம் தேதி இருட்டில் அலெக்ஸாண்ட்ரியாவுக்குக் கிளம்பிவிட்டது.

சரி, வெற்றிதானே? இங்கேதான் எனக்கே ஒரு நெருடல். கப்பல்மேல் விழாத குண்டு எங்கேயாவது விழுந்துதானே ஆக வேண்டும்? அது செங்கிலியா வீடுகள்மேல் விழுந்தது. கப்பல் நின்ற துறைக்கு ஒட்டினாற்போல் இருந்த ஊர் அது, தெருத்தெருவாக இடிந்தது. எதிரியின் குறியைக் கெடுப்பதுதான் பீரங்கிக்காரனின் வேலை. அதன் விலையைப் பக்கத்துத் தெரு கொடுத்தது. அந்தத் தெருக்களில் சொந்தபந்தம் இருந்த மால்டீஸ் பீரங்கிக்காரன் அன்றிரவு என்ன நினைத்திருப்பான் என்று யோசித்தால் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அப்புறம் 1942 ஏப்ரல். அந்த ஒரு மாதத்தில் விழுந்த குண்டுகள் சுமார் 6,700 டன். ஜெர்மானியர்கள் பீரங்கி நிலைகளையே தேடித் தேடி அடித்தார்கள். 15ஆம் தேதி மன்னர் ஆறாம் ஜார்ஜ் தீவுக்கே ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார். அந்த நாட்களில் அங்கே ஷெல்லுக்கு ரேஷன்! ரொட்டிக்கு ரேஷன் கேள்விப்பட்டிருக்கிறோம். தலைக்கு மேல் விமானம் போகிறது, பீரங்கி நல்ல நிலையில் இருக்கிறது, ஆனால் இன்றைய பங்கு தீர்ந்துவிட்டது. எதிரியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கச் சொல்வதைவிடக் கொடுமையான உத்தரவு ஒரு சிப்பாய்க்கு இருக்க முடியாது. அப்படியும் அந்த மாதம் நூறு விமானங்களுக்கு மேல் வீழ்த்தியதாகப் பீரங்கிக்காரர்கள் கணக்கு சொன்னார்கள். போர்க்காலக் கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

மே 9 அன்று ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானங்கள் அறுபது வந்து இறங்கின. எல்லா வரலாறும் அதைச் சொல்லும். எனக்குப் பிடித்தது மறுநாள். பிரெஞ்சுப் போர்க்கப்பல் போல வேஷம் போட்டுக்கொண்டு, வெல்ஷ்மன் என்ற வேகக் கப்பல் தன்னந்தனியாக வந்து விடியற்காலையில் துறைமுகத்துக்குள் நுழைந்தது. உள்ளே விமான எதிர்ப்பு ஷெல்லும், புகைத்திரை போடும் சாதனங்களும். சிப்பாய்கள் ஓடி ஓடிச் சரக்கை இறக்க, துறைமுகத்தைப் புகை மூடியது. ரேஷன் அன்றைக்கு இல்லை. இத்தனை நாள் வாயைக் கட்டியிருந்த பீரங்கிகள் எல்லாம் சேர்ந்து திறந்தன.

அன்று பீரங்கிகள் வீழ்த்தியது எத்தனை என்று என்னைக் கேட்காதீர்கள். வெல்ஷ்மன் முழுச் சரக்கையும் இறக்கிவிட்டு அன்றிரவே பத்திரமாகக் கிளம்பிப் போனது.