அந்தப் பிள்ளை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் அதுதான் ஓடுகிறது. எந்தச் சபை, எந்த ஊர்க் கன்வென்ஷன் என்று இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தேட வேண்டாம்.

ஞானஸ்நானம் எடுத்து நாலே மாதம் ஆன ஒரு சகோதரரை மேடையேற்றி, "முன்னாள் குடிகாரர்" என்று அறிமுகம் செய்கிறார்கள். "மனைவியை எதால அடிப்பீங்க? கூச்சப்படாம சொல்லுங்க" என்று ஊழியக்காரர் மைக்கை நீட்டுகிறார். அவர் சொல்கிறார். கூட்டம் அல்லேலூயா போடுகிறது. கேமரா திரும்பி, முதல் வரிசையில் அம்மா பக்கத்தில் இருக்கும் மகளைக் காட்டுகிறது. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருக்கிறாள்.

கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் எழுந்து சொல்வதைச் சாட்சி என்போம். இதற்கும் பெயர் சாட்சியாம்.

அன்று எடுத்த வேதபகுதி 2 கொரிந்தியர் 5:17. "ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான், பழையவைகள் ஒழிந்துபோயின." பத்து நிமிடத்துக்கு முன்னால் இதை வாசித்துவிட்டு, ஒழிந்துபோனதை எடுத்து வந்து மேடையில் வைத்து விளக்குப் போட்டுக் காட்டினால், வாசித்ததை நாம் நம்புகிறோமா இல்லையா? புதியவன் என்று சொன்னால் புதியவனாக நடத்த வேண்டும். எனக்கு இருக்கும் வழக்கு இது ஒன்றுதான்.

தமிழில் இந்த வசனத்துக்கு இருக்கும் கனம் வேறு மொழிக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. மறுபிறப்பு என்றால் நம் மண்ணில் காலம் காலமாக ஒரு பொருள் உண்டு. உடம்பு மாறும், முன்வினை தொடரும். யோவான் 3-ஆம் அதிகாரத்தில், நிக்கொதேமு என்னும் யூதத் தலைவனுக்கு இயேசு சொல்வது இதற்கு நேர் எதிரான செய்தி. உடம்பு அதேதான், ஊர் அதேதான், ரேஷன் கார்டில் இருக்கும் பெயரும் அதேதான். முன்வினைக் கணக்கு மட்டும் தொடராது. அங்கே வரும் கிரேக்கச் சொல் 'அனோதென்'. அதற்கு 'மறுபடியும்' என்றும் பொருள், 'மேலிருந்து' என்றும் பொருள். நிக்கொதேமு முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு, கிழவன் எப்படித் தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போவான் என்று குழம்புகிறான். இயேசு அவனை இரண்டாவது பொருளுக்கு இழுக்கிறார். மேலிருந்து கிடைக்கும் பிறப்பில் பழைய பேரேடு கூட வருவதில்லை. இந்த நற்செய்தியைக் கேட்டுத்தான் அந்தச் சகோதரர் தண்ணீரில் இறங்கினார். கரையேறி நாலு மாதத்தில் பேரேட்டைத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டோம்.

உடனே வரப்போகும் கேள்வி தெரியும். "பவுலும் முன்பு சபையைத் துன்புறுத்தியவர்தானே, தன் பழைய வாழ்க்கையைச் சொல்லவில்லையா?" சொன்னார். எங்கே சொன்னார் என்று பாருங்கள். அப்போஸ்தலர் 22-இல் எருசலேமில் அடிக்க வந்த ஜனத்துக்கு முன்னால், கோட்டைப் படிக்கட்டில், கைதியாக நின்று சொல்கிறார். 26-இல் அகிரிப்பா ராஜாவுக்கு முன்னால், அதுவும் கைதியாகத்தான். இரண்டுமே தன்னைக் குறித்த வாதம். யாரும் அவரைப் பேட்டி எடுக்கவில்லை. ரட்சிக்கப்பட்ட புதிதில் தமஸ்குவில் என்ன பிரசங்கித்தார்? இயேசு தேவனுடைய குமாரன் என்று பிரசங்கித்தார். ஸ்தேவானைக் கல்லெறிந்தபோது எத்தனை பேருடைய வஸ்திரத்துக்குக் காவல் இருந்தேன் என்று அங்கே கணக்குச் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. பன்னிரண்டு அப்போஸ்தலர் பட்டியலை மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாற்கு 3-இல் வெறும் 'மத்தேயு'. லூக்கா 6-இல் வெறும் 'மத்தேயு'. 'ஆயக்காரனாகிய மத்தேயு', அதாவது வரி வசூலித்தவன் என்று எழுதியிருப்பது மத்தேயுவின் பெயரால் வழங்கும் சுவிசேஷத்தில் மட்டும்தான். பழைய பெயரைச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. மற்ற இருவரும் அந்தப் பட்டியலில் அதை எழுதவில்லை.

"ராகாப் என்னும் வேசி என்று எபிரெயர் நிருபத்திலேயே இருக்கிறதே" என்று ஒரு போதகர் நேற்றே கமெண்ட் போட்டுவிட்டார். இருக்கிறது, ஐயா. அவளுடைய பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் யாரும் அவளை எழுப்பி நிறுத்தவில்லை. மத்தேயு முதல் அதிகாரத்தில், இயேசுவின் வம்சவரலாற்றில் அவள் பெயர் ராகாப், அவ்வளவுதான்.

"சாட்சி சொல்லச் சொன்னதே இயேசுதான்" என்பது அடுத்தது. இதற்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நியாயமான கேள்வி. மாற்கு 5-இல் பிசாசு பிடித்திருந்தவன் சுகமானதும் படகில் கூடவே வருகிறேன் என்று கெஞ்சுகிறான். இயேசு அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கலாம். அதைவிடப் பெரிய கூட்டம் சேர்க்கும் ஆள் வேறு யார்? ஆனால், உன் வீட்டுக்குப் போ என்றார். கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்றார். கல்லறைகளில் நீ என்னவெல்லாம் செய்தாய் என்பதைச் சொல் என்று சொல்லவில்லை. சமாரியப் பெண்ணிடம் அவளுடைய ஐந்து புருஷர் விஷயத்தைப் பேசியபோது, சீஷர்கள் சாப்பாடு வாங்க ஊருக்குள் போயிருந்தார்கள். அதையும் யோவான் எழுதி வைத்திருக்கிறார். ஊருக்குள் ஓடிப்போய்ச் சொன்னது அவளே. அந்த வேகம் அவளுடையது.

இது இன்றைக்குப் புதிதாக வந்த சிக்கலும் இல்லை. கி.பி. 459-இல் ரோமின் போப் முதலாம் லேயோ இத்தாலிய ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். மனந்திரும்பியவர்களின் பாவங்களைத் தாளில் எழுதி வாங்கிச் சபை முன்னால் வாசிக்கும் வழக்கம் அங்கே பரவியிருந்தது. அதை நிறுத்தச் சொன்னார். இரண்டு காரணம் கொடுத்தார். ஒன்று, வெட்கத்துக்குப் பயந்து பலர் மனந்திரும்பவே வரமாட்டார்கள். மற்றது, சொன்னதைக் கேட்ட பகையாளி அதை வைத்து வழக்குப் போடலாம். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆலயத்துக்குள் முடிந்துபோகும் வாசிப்புக்கே இந்தக் கவலை இருந்தது. நாம் யூடியூப் லைவ் போடுகிறோம்.

ஒருவர் மேல் பழையதை ஒட்டினால் எவ்வளவு நாள் ஒட்டியிருக்கும் என்று தெரிய வேண்டுமா? மகதலேனா மரியாளைப் பாருங்கள். லூக்கா 8-இல் அவளை விட்டு ஏழு பிசாசுகள் நீங்கின என்று இருக்கிறது. விபசாரி என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. 591-இல் போப் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் அவளையும் லூக்கா 7-இல் வரும் பாவியான ஸ்திரீயையும் ஒரே ஆள் ஆக்கினார். 1969-இல் ரோமச் சபை நாட்காட்டியைத் திருத்தும்வரை மேற்கத்திய வழிபாட்டில் அது நின்றது. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு செய்தி கொண்டுபோனவளுக்கு இந்தக் கதி. செய்யாததே இவ்வளவு காலம் ஒட்டும் என்றால், வாயால் ஒப்புக்கொண்டு வீடியோவில் பதிந்தது எத்தனை காலம் ஒட்டும்?

அந்த வீடியோவில் இதைவிட ஆபத்தான ஒரு வரி இருக்கிறது. யாரும் பேசாததால் எழுதுகிறேன். "மூணு நாள் உபவாசம் போட்டார், பாட்டிலைத் தொடவே இல்ல" என்று ஊழியக்காரர் பெருமையோடு சொல்கிறார். தினமும் அதிகமாகக் குடித்து உடம்பு பழகிப்போன ஒருவர் சட்டென்று நிறுத்தினால், ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாத உருவங்களைப் பார்த்துப் பயந்து, காய்ச்சலும் படபடப்புமாக வரும் கடுமையான குழப்ப நிலை இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் வரலாம். அதில் உயிர் போகலாம். மூன்று நாள் உபவாசம் சரியாக இந்தக் காலத்தில்தான் விழுகிறது! குடிநோயாளிகள் பலருக்கு வைட்டமின் பி1 ஏற்கெனவே குறைந்திருக்கும். பட்டினி போட்டால் மூளைக்கே சேதம் வரலாம். அவர் கண்ட உருவத்தைப் பிசாசு என்று நினைத்து நாலு பேர் பிடித்து அமுக்கி ஜெபித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆகவே, சபைக்கு இப்படி ஒருவர் வந்தால் முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கடைசியாக எப்போது குடித்தார், தினமும் எவ்வளவு, முன்பு வலிப்பு வந்ததா, இந்த மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் ஐந்து நாள் கூட ஒருவர் இருக்கட்டும். உபவாசத்தை நீங்கள் போடுங்கள், அவரைச் சாப்பிட வையுங்கள். இது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், லூக்காவே ஒரு வைத்தியன் என்று சொல்லுங்கள்.

மேடை செய்யும் இன்னொரு தீங்கும் இதோடு சேர்ந்ததுதான். விட்டவர் திரும்ப ஒருநாள் குடித்துவிடுவது நிறையப் பேருக்கு நடக்கிறது. அப்படி விழுந்தவர் மறுநாள் யாரிடமாவது போய்ச் சொல்ல முடிந்தால் எழுந்துவிடுவார். ஆனால் இவர் இப்போது சபையின் விளம்பரம். இவர் விழுந்தால் ஊழியமே விழுந்த மாதிரி. யாரிடம் போய்ச் சொல்வார்? மறைத்துக் குடிப்பார், அப்புறம் சபைக்கு வருவதை நிறுத்துவார். "பின்மாற்றக்காரன்" என்று அடுத்த பெயரையும் நாமே வைத்துவிடுவோம். 'நூதனசீஷனாயிருக்கக்கூடாது', அதாவது விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவனாக இருக்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 3 சொல்வது சபையின் கண்காணிப் பொறுப்புக்கு என்றாலும், மேடைக்கும் அந்த ஞானம் பொருந்தும்.

"ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லித்தானே தொடங்குகிறார்கள்?" ஆமாம். 1935-இல் அமெரிக்காவில் ஓஹையோ மாநில ஆக்ரனில் தொடங்கிய இயக்கம் அது. அங்கே அவரவர் தன்னைப் பற்றித் தானே சொல்கிறார், கேட்பவர்களும் அதே நோயோடு போராடுகிறவர்கள், இயக்கத்தின் பெயரிலேயே 'பெயர் சொல்லாமை' இருக்கிறது. அங்கே சொன்னது வெளியே போகாது. இந்த மூன்றில் ஒன்றாவது அன்று மேடையில் இருந்ததா?

"அப்படியானால் செய்த தப்பை மூடி மறைக்கச் சொல்கிறீர்களா?" இந்தக் கேள்விதான் அதிகம் வலிக்கிறது. மறைக்கச் சொல்லவில்லை. அடிபட்டவள் யார்? அந்த அம்மா. மன்னிப்பு அவரிடம் கேட்க வேண்டியது, அவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு. லூக்கா 19-இல் ஆயக்காரன் சகேயு எழுந்து நின்று, யாரிடம் எப்படிப் பிடுங்கினேன் என்று கதை சொல்லவில்லை. நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். அதுபோல ஒரு நோட்டுப் போடுங்கள். வட்டிக்காரரிடம் எவ்வளவு, மளிகைக் கடையில் எவ்வளவு, மனைவியின் அடகு நகை எங்கே, மாதம் எவ்வளவு அடைக்க முடியும் என்று எழுதுங்கள். நம்பகமான மூப்பர் ஒருவர் கூட உட்காரட்டும். அந்த அம்மா போலீசுக்குப் போக நினைத்தால் சபை குறுக்கே நிற்கக் கூடாது. இப்படி ஒரு வருஷம் போன பிறகு அவருக்கே சொல்லத் தோன்றினால் சொல்லட்டும். மேடையில் வைத்துக் கேட்காமல், தனியாகக் கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். மனைவி, பிள்ளைகளைப் பற்றி வரும் ஒவ்வொரு வரிக்கும் அவர்களுடைய சம்மதம் வேண்டும். ஏழு நிமிடம் போதும். பழையதற்கு அதில் ஒரு நிமிடம். கேமரா வேண்டாம்.

எழுத எழுத வேறு ஒன்று மனதை அறுக்கிறது. குடியை மட்டும் 'பழையது' என்று மேடையேற்றுகிறோமே, சாதியை ஏன் ஏற்றுவதில்லை? 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எதிர்த்து நின்றவர்கள் ஞானஸ்நானம் பெற்ற நம் ஆட்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்த சுவரைப் பற்றிப் பேசாத தலைமுறை இல்லை. தண்ணீரில் மூழ்கி எழுந்த பிறகும், மண்ணுக்குள் போன பிறகும் பழைய அடையாளம். கூலிக்காரன் குடித்ததை ஊருக்கே சொல்ல வைக்கிறோம். வரன் பார்க்கும்போது "நம்மாளுங்களா?" என்று கேட்கும் மூப்பரிடம் மைக்கை நீட்டியவர் யாராவது உண்டா? "நீங்க எப்ப மறுபடி பிறந்தீங்க ஐயா" என்று கேட்டவர் உண்டா? ஏழையின் பழையது சாட்சி, பெரியவர்களின் பழையது பாரம்பரியம். இதைச் சொன்னால் சபையைப் பிரிக்கிறான் என்பார்கள். சொல்லட்டும்.

ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வெள்ளை உடை உடுத்தி எட்டு நாள் அதோடு இருந்தார்கள். எருசலேம் ஆயர் சிரில் நாலாம் நூற்றாண்டில் விளக்கியபடி, அதற்கு முன்னால் மேற்கே திரும்பிச் சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று சொல்லி, பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கை செய்தார்கள். சாத்தானையும் அவன் கிரியைகளையும் மொத்தமாக விட்டார்கள். பட்டியல் கேட்கப்படவில்லை. அந்தச் சகோதரருக்கும் நாலு மாதத்துக்கு முன்னால் சபையில் வெள்ளை வேட்டிதான் கட்டியிருப்பார்கள்.

வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முகப்புப் படத்தில் அவர் அழுகிற முகமும் சிவப்பு எழுத்தில் 'குடிகாரன்' என்ற சொல்லும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. சம்பந்தப்பட்ட ஊழியக்காரர் இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும், படிக்காவிட்டாலும் யாராவது அனுப்புவார்கள். ஐயா, உங்களோடு சண்டைக்கு வரவில்லை. அதை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு, கேமரா இல்லாமல் ஒருதடவை அந்த வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள். பகிர்ந்தவர்களும் அவரவர் குழுவில் போய் அழித்துவிடுங்கள்.

கமெண்டில் அந்த லிங்கைப் போடாதீர்கள். போட்டால் நீக்கிவிடுவேன்.