பில் போடற படிப்பு

அந்த நாற்பது செகண்ட் வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்று காலையிலிருந்து 11 தடவை வந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பியவர்கள் யார் யார் என்றும் பார்த்துக்கொண்டேன். நன்றி.

பார்க்காதவர்களுக்கு மட்டும் ஒரு வரி: வடசென்னையில் ஒரு விழா, மேடை, சால்வை, மைக். எம்.எச்.ஏ., அதாவது ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் முதுகலை படிக்கிற நம்ம ஏரியாப் பெண்ணிடம் ஒரு பெரிய டாக்டர் மைக்கில் கேட்டார். "ஆஸ்பத்திரியில பில் போடறதுக்கு ரெண்டு வருஷப் படிப்பாம்மா?" அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளப் பதிவு. கூட்டம் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் சான்றிதழைப் பிடித்திருந்த கை என்ன செய்தது என்று கவனித்தீர்களா? ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டே இருந்தாள்.

நானும் அதே எம்.எச்.ஏ.தான். பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. 14 வருஷமாக ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருக்கிறேன். இன்றுவரை ஒரு பில் கூட நான் போட்டதில்லை. பில் போடுவது கேவலம் என்று சொல்லவரவில்லை, அதற்கு பில்லிங்கில் ஆள் இருக்கிறார்கள், அவர்கள் நம்மைவிட வேகமாகப் போடுவார்கள். நாங்கள் படித்தது வேறு.

என்ன படித்தீர்கள் என்று கேட்கலாம். ஒன்று சொல்கிறேன். மருந்துக் கிடங்கில் ஆயிரக்கணக்கான அயிட்டம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கண்ணில் பார்க்க முடியாது. அதனால் எதில் பணம் அதிகம் முடங்குகிறது என்று ஏ, பி, சி எனப் பிரிப்போம். அப்புறம் எது இல்லாவிட்டால் உயிர் போகும், எது இல்லாவிட்டால் சமாளிக்கலாம் என்று இன்னொரு முறை பிரிப்போம். இதயம் நின்றுபோனால் போடுகிற அட்ரினலின் ஊசி விலையில் ஒன்றுமே இல்லை, பணக் கணக்கில் கடைசி வரிசை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தீர்ந்துபோயிருந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பெரிய டாக்டருக்கே தெரியும். தீராமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. காசிமேட்டில் மீன் விற்ற என் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "வஞ்சிரத்துக்கு ஒரு பொட்டி ஐஸு, நெத்திலிக்கு ஒரு கை ஐஸு. இத்தப் படிக்க காசு கட்டினியா?" என்று கேட்டார். அம்மா கேட்கலாம். அம்மா மைக்கில் கேட்கவில்லை.

நான் ஏன் இந்தப் படிப்புக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2008-இல் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். காலை 9 மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் வெளியே வந்தது இரவு எட்டரை. இன்சூரன்ஸ் எல்லாம் கிடையாது. வளையலை வைத்து வாங்கிய பணம் அம்மாவின் ஒயர் கூடையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. காசு கட்ட நாங்கள் தயார், வாங்கத்தான் ஆள் தயாராக இல்லை. கேட்டால் "சம்மரி வரல", "பார்மஸி கிளியர் ஆகல", "உட்காருங்கம்மா". கடைசியில் பில் வந்தது. மதியம் 12 மணி தாண்டிவிட்டதால் இன்னொரு நாள் ரூம் வாடகை சேர்த்திருந்தார்கள். அவர்கள் உட்காரச் சொன்னதற்கு நாங்கள் வாடகை கொடுத்தோம்.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு நான் எடுத்த தலைப்பு டிஸ்சார்ஜ் தாமதம். வேறெதை எடுப்பேன்? வேறொரு ஆஸ்பத்திரியில் 60 நோயாளிகளின் பைல் பின்னாலேயே நோட்டும் வாட்சுமாக நடந்தேன். எந்த மேசையில் எத்தனை நிமிஷம் என்று எழுதினேன். எல்லாரும் இன்சூரன்ஸைத்தான் கைகாட்டினார்கள். ஆனால் பைல் அதிக நேரம் தூங்கியது ஒரு நீல பிளாஸ்டிக் ட்ரேக்காக. வார்டில் மீந்த மருந்தை அந்த ட்ரேயில் போட்டு பார்மஸிக்குத் திருப்பி அனுப்புவார்கள். உடைக்காத ஊசி மருந்து ஆம்பியூல், பிரிக்காத சிரிஞ்ச் எல்லாவற்றையும் ஒருவர் எண்ணி, பேட்ச் நம்பர் பார்த்து, கணக்கில் கழிக்கும்வரை பில் மூடாது. காலை பதினொரு மணிக்கு ஜன்னலில் எட்டு ட்ரே, உள்ளே ஒரே ஒரு பார்மஸிஸ்ட், வெளியே ஓபி கூட்டம். நாளை யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்பது முந்தின நாள் சாயங்காலமே பெரும்பாலும் தெரியும். ட்ரேயை அப்போதே அனுப்பச் சொன்னோம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இழுத்தது மூன்றுக்குள் வந்தது. புது மெஷின் வாங்கவில்லை, ஆள் சேர்க்கவில்லை.

இதுதான் சார் பில் போடற படிப்பு.

2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு உத்தரவு போட்டது. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி இறுதி அனுமதி தர வேண்டும், தாமதத்தால் கூடுகிற செலவு கம்பெனியுடையது. நல்ல விஷயம். ஆனால் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பதே ஆஸ்பத்திரி கோரிக்கை அனுப்பிய பிறகுதான். அதற்கு முன்னால் ட்ரே தூங்குகிற நேரம் யார் கணக்கு?

சரி, கமெண்டில் என்ன வரும் என்று தெரியும்.

"அவர் தமாஷுக்குச் சொன்னார், இதுக்குப் போய்." தமாஷ்தான். எம்.பி.பி.எஸ். படிக்கிற பையனிடம் "மாத்திரை எழுதறதுக்கு அஞ்சரை வருஷமா?" என்று அதே மைக்கில் கேட்டிருப்பாரா?

"அனுபவம் உள்ள சிஸ்டரே எல்லாத்தையும் பார்த்துப்பாங்க." பார்ப்பார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததே ஒரு நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்தான். அதற்காக நர்ஸ் வேலையோடு இதையும் அவர் தலையில் கட்ட வேண்டுமா? அடுத்தது.

"எம்.பி.ஏ.காரங்க வந்துதான் ஆஸ்பத்திரி கம்பெனி ஆச்சு, டார்கெட் வந்துச்சு." இதில் உண்மை இருக்கிறது. டார்கெட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் ரூம் வாசலில் நிற்கிற எங்கள் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த டார்கெட்டைப் போட்ட முதலாளிகளில் எத்தனை பேர் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கிறது? அதைப் பற்றி எந்த மேடையிலும் ஜோக் வராது. திட்டு வாங்க மட்டும் நாங்கள். பேஷண்டின் மச்சான் சட்டையைப் பிடிப்பதும் எங்களைத்தான், மேனேஜிங் டைரக்டரின் சட்டையை இல்லை.

இதை மட்டும் மனசாரச் சொல்கிறேன்: படிப்பை விற்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன. பக்கத்தில் ஆஸ்பத்திரியே இல்லாமல், வார்டு வாசனையே தெரியாமல், பவர்பாயிண்டில் ஆஸ்பத்திரி காட்டி டிகிரி கொடுக்கிறார்கள். லோன் போட்டுப் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு பயோமெடிக்கல் கழிவில் மஞ்சள் பை எதற்கு, சிவப்புப் பை எதற்கு என்று தெரிவதில்லை. முதல் வேலை ரிசப்ஷன், கையில் வருவது லோன் தவணைக்கே பத்தாது. டாக்டர் அதைக் கேட்டிருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லையே.

டெல்லி எய்ம்ஸில் டாக்டர்களுக்கே ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் தனி முதுகலைப் படிப்பு இருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம் 1934-இலேயே இதை ஆரம்பித்துவிட்டது. அங்கேயெல்லாம் பில் போடத்தான் சொல்லிக்கொடுக்கிறார்களா?

அவ்வளவு தூரம் எதற்கு, விழா நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கள் ஆயா கடைசிவரை அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லும். 1782 பஞ்சத்தில் ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரம், அதை ஒட்டித்தான் பிறகு வைத்தியம் வந்தது. அண்டா எத்தனை, அரிசி எவ்வளவு, வரிசை எங்கே திரும்ப வேண்டும் என்று பார்த்த யாரோ ஒருவர் அங்கே இருந்திருப்பார். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தது ஞாபகம் இருக்கிறதா? அன்று எங்கள் கேஷுவால்டிக்கும் வந்தார்கள், கண் எரிச்சலும் இருமலுமாக, நைட்டியோடு, செருப்பில்லாமல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. டாக்டர்கள் பார்த்தார்கள், பிரமாதமாகப் பார்த்தார்கள். எந்தக் கட்டிலில் ஆக்சிஜன் பாயிண்ட் சும்மா இருக்கிறது, யாரை மேல் மாடிக்கு மாற்றலாம், லிப்ட்மேன் எங்கே தூங்குகிறார் என்று பார்த்தது டூட்டி மேனேஜர். எம்.எச்.ஏ. முடித்து எட்டு மாதம் ஆன பையன், கொருக்குப்பேட்டை. மறுநாள் யாரும் அவனுக்குச் சால்வை போடவில்லை. நானும் போடவில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். இப்போது நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

ஒன்று கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். அதே பெண் தென்சென்னை அடையாறிலிருந்து வந்து, அதே படிப்பை இங்கிலீஷில் நாலு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் அவர் அப்படிக் கேட்டிருப்பாரா? வடசென்னை என்றால் கவுன்டருக்கு வெளியே நின்று "சார், சார்" என்று கெஞ்ச வேண்டும். உள்ளே உட்காரப் படிக்கிறோம் என்றால் சிரிப்பு வருகிறது. நம்ம ஆட்களே சிரித்தார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதல் வரிசையில் என் சித்தப்பா பையன் வேறு.

அந்தப் பெண் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். நேற்று ராத்திரி அவள் அம்மாவிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். ப்ராஜெக்டுக்கு இன்னும் ஆஸ்பத்திரி கிடைக்கவில்லையாம். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். "என்னக்கா எடுத்துட்டு வரணும்?" என்று கேட்டாள். ஒரு நோட்டு, ஒரு வாட்ச், கால் கடிக்காத செருப்பு என்றேன்.