ஆப்பில் பார்த்ததா, கண்ணால் பார்த்ததா?

தலைக்கு மேலே போகிற விமானம் எது, எங்கே போகிறது என்று போனிலேயே தெரிந்துகொள்ளும் காலம் இது. கப்பலுக்கும் அப்படித்தான். இதில் ஆர்வமுள்ளவர்கள் பெருகியதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் திரையில் நகர்கிற ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு "இன்னாருடைய போர்க்கப்பல் எல்லை தாண்டிவிட்டது" என்று சிலர் பரபரப்பாக எழுதும்போது பதறுகிறது.

2021 ஜூன் 18 அன்று பிரிட்டனின் எச்எம்எஸ் டிஃபெண்டர், நெதர்லாந்தின் எவர்ட்சன் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் உக்ரைனின் ஒடேசா துறைமுகத்துக்கு வந்தன. அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் இரண்டும் கிளம்பி, ரஷ்யக் கடற்படைத் தளமான செவஸ்தபோலின் வாசலுக்கு இரண்டு கடல் மைல் வரை நெருங்கியதாக ஏஐஎஸ் தடம் காட்டியது. கப்பல்கள் தங்கள் பெயரையும் இருப்பிடத்தையும் தாங்களே ரேடியோவில் அறிவிக்கிற ஏற்பாடுதான் ஏஐஎஸ். அறிவிப்பது அந்தக் கப்பல்தானா என்று சரிபார்க்க அதில் வழி கிடையாது.

உண்மையில் இரண்டும் ஒடேசாவில் கட்டிய இடத்தைவிட்டு அசையவே இல்லை. அதைக் காட்டியது, துறைமுகத்தைப் பார்த்தபடி யூடியூபில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்த வெப்கேம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்திருக்கலாம்!

அப்புறம் ஜூன் 23. ஜார்ஜியாவுக்குப் போகும் வழியில் டிஃபெண்டர் நிஜமாகவே, உக்ரைனிடமிருந்து ரஷ்யா 2014இல் பிடித்துக்கொண்ட கிரிமியாவின் ஃபியோலன்ட் முனை அருகே சென்றது. எச்சரித்துச் சுட்டோம், எங்கள் எஸ்யு-24 போர்விமானம் அதன் பாதையில் குண்டு போட்டது என்றது ரஷ்யா. கப்பலை நோக்கி யாரும் சுடவில்லை, ரஷ்யர்கள் பீரங்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள் என்றது பிரிட்டன். கப்பலில் பிபிசி செய்தியாளர் இருந்ததால் வீடியோவும் வந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான். எஸ்யு-24க்கு நிமிர்ந்த வால் ஒன்று, இறக்கையைப் பின்னால் மடக்கும், விமானிகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இன்னொரு ரஷ்யப் போர்விமானமான எஸ்யு-30க்கு வால் இரண்டு, ஒருவர் பின்னால் ஒருவர். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இதைச் சொல்லலாம், அது உருப்படியான உதவி. குண்டு விழுந்ததா என்பதை வாலை எண்ணிச் சொல்ல முடியாது.

பயிற்சி பெற்றவர்களே தடுமாறுகிற விஷயம் இது. 1988 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் வின்சென்ஸ் போர்க்கப்பல், ஈரானின் ஏர்பஸ் பயணிகள் விமானத்தை எஃப்-14 போர்விமானம் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தியது. 290 பேரும் இறந்தார்கள். விமானம் மேலே ஏறிக்கொண்டிருப்பதாகக் கப்பலின் கருவி சரியாகவே பதிவு செய்திருந்தது. இறங்கி வருகிறது என்று சொன்னவர்கள் மனிதர்கள். பதற்றத்தில் இருக்கிற மனசு எதிரியைத்தான் முதலில் பார்க்கும்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். ஆப்பில் பார்த்ததா, கண்ணால் பார்த்ததா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். கண்ணால் பார்த்திருந்தால் நேரம், இடம், எந்தத் திசையில் போனது என்பதைச் சேருங்கள். வெட்டாத படம் இருந்தால் அதையும் போடுங்கள். எந்த நாடு, என்ன நோக்கம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம் பேசலாம்.